தற்செயலும் தனிக்காரணமும்

மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால் நம் சங்கத்து உறுப்பினர் பலரை மாலைக் கூட்டங்களில் காண முடிவதில்லை. காரணம் கேட்டால், "கணக்கு முடிக்கும் நேரம்" என்பார்கள். தொழிற்சாலையில் மேற்பார்வை செய்பவர், விற்பனைப் பகுதியை நடத்துபவர், சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் ஆகிய எல்லோரும் அவ்வாரத்தில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். சென்ற மாதத்து எண்ணையும் இந்த மாதத்து எண்ணையும் அருகருகே வைத்து, ஏறியதா இறங்கியதா என்று பார்க்கிறார்கள். ஏறியிருந்தால் யாரோ ஒருவருக்குப் பாராட்டு. இறங்கியிருந்தால் யாரோ ஒருவருக்கு வசவு.

இரண்டே எண்களை ஒப்பிட்டு ஒரு மனிதனுக்குத் தீர்ப்பு எழுதலாமா? இக்கேள்வியையே இத்திங்கள் எடுத்துக்கொள்வோம். மேலாண்மை பயிலும் நம் இளைஞர்கள் புள்ளியியல் தாளைக் கண்டு அஞ்சுவதாகப் பெற்றோர்கள் சொல்லக் கேட்கிறேன். அப்பாடநூலில் உள்ள குறியீடுகள் பலவற்றுக்கும் பின்னால் நிற்பது இந்த ஒரு கேள்விதான் என்று அறிந்தால், அச்சத்தில் பாதி நீங்கிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தின் கதை

என் இளமையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதில் எனக்குப் பெருமை இல்லை. ஆயினும் படிப்பவர்களுக்குப் பயன் உண்டு.

வடநாட்டு நகர் ஒன்றில், பித்தளைப் புஷ்கள் கடையும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பகுதிக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். ஒவ்வொரு லேத்திலிருந்தும் நாள்தோறும் 100 புஷ்களை எடுத்து, கேஜ் வைத்துப் பார்த்து, அளவு தவறியவை எத்தனை என்று நோட்டுப் புத்தகத்தில் குறிப்பது என் வேலை. ஏறத்தாழ 6 தவறும். சில நாள் கூடும், சில நாள் குறையும்.

ஒரு லேத்தில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பணிபுரிந்தார். ஒரு நாள் அவருடைய நூறில் 11 தவறிவிட்டன. நான் அவரை அழைத்து, நாலுபேர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். மறுநாள் 5 தான் தவறின. 'கடிந்தது பலித்தது' என்று மகிழ்ந்தேன். சில நாட்கள் சென்று, 2 மட்டுமே தவறிய நாள் ஒன்று வந்தது. நல்ல மேலாளன் பாராட்டவும் வேண்டும் அன்றோ? தேநீர் வாங்கிக் கொடுத்துப் பாராட்டினேன். மறுநாள் 8 தவறின. 'இவருக்குப் பாராட்டு ஒத்துவராது. வசவுதான் ஒத்துவரும்' என்று முடிவு கட்டினேன். ஆண்டு முடிவில், அவருடைய வேலை நிலையாக இல்லை என்று நான் எழுதிய குறிப்பினால் அவருக்கு ஊதிய உயர்வு நின்றுபோயிற்று.

அன்று அவர் என்னிடம் வந்து சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, நேற்றைக்கும் இதே கைதான், இதே லேத்துதான். இன்றைக்கு நான் என்ன வேறாகச் செய்தேன் என்று நீங்களே சொல்லுங்கள்." எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாதபோது அதிகாரி செய்வதையே நானும் செய்தேன். அவரை வேலையைப் பார்க்கச் சொன்னேன். மறு ஆண்டு அவர் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்.

ஷூவார்ட் வகுத்த எல்லை

அவருடைய கேள்விக்கு விடை நான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த ஹாதார்ன் ஆலை தொலைபேசிக் கருவிகள் செய்துவந்த பெரிய ஆலை. அந்நிறுவனத்தில் பணியாற்றிய வால்ட்டர் ஷூவார்ட் என்ற அறிஞர் 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தம் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார். ஒரு பக்க அளவே இருந்த அக்குறிப்பில் ஒரு படம் இருந்தது. நடுவில் சராசரிக்கு ஒரு கோடு. மேலே ஓர் எல்லைக்கோடு, கீழே ஓர் எல்லைக்கோடு. இடையில் நாள்தோறும் கிடைத்த எண்கள் புள்ளிகளாக. இன்று உலகெங்கும் வழங்கும் கட்டுப்பாட்டு வரைபடம் அதுவே. 1931இல் அவர் இதனை விரித்து ஒரு நூலாகவும் எழுதினார்.

ஷூவார்ட் கூறியது யாதெனின்: எந்த வேலையிலும் எண்கள் ஒருநாள் போல் ஒருநாள் இரா. கம்பியின் கடினம் சிறிது மாறும். எண்ணெய் சிறிது குறையும். கை சிறிது தளரும். கேஜ் பார்ப்பவரின் கண் சிறிது அயரும். இவை ஒவ்வொன்றும் சிறியது. எல்லாம் எப்போதும் இருப்பவை. இவற்றின் கூட்டால் எழும் ஏற்றத்தாழ்வு தற்செயலானது. அதற்குத் தனியாக ஒரு காரணத்தைத் தேடினால் கிடைக்காது. கிடைத்ததாகத் தோன்றினால் அது நம் கற்பனை. மற்றொரு வகை ஏற்றத்தாழ்வும் உண்டு. கருவியின் முனை உடைந்தது, புதிய சரக்கு வந்தது, பழகாத ஆள் நின்றார் என்பன போன்ற தனிக்காரணத்தால் எழுவது அது. அதனைத் தேடினால் கிடைக்கும், கிடைத்தால் நீக்கலாம்.

இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? அதற்குத்தான் எல்லைக்கோடுகள். கணக்கு எளியது. 100 புஷ்களில் சராசரி 6 தவறுகின்றன. அஃதாவது தவறும் விகிதம் 0.06, தவறாத விகிதம் 0.94. நூறையும் இவ்விரு விகிதங்களையும் பெருக்கினால் 5.64 வரும். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.4. இதுவே திட்ட விலக்கம். இதனை மும்மடங்காக்கினால் சற்றேறக்குறைய 7. சராசரியாகிய 6 உடன் 7ஐக் கூட்டினால் மேல் எல்லை 13. கழித்தால் சுழிக்கும் கீழே போகிறது, ஆகவே கீழ் எல்லை சுழியே. தொழிலில் ஒன்றுமே மாறாதிருந்தாலும் எண்கள் சுழிக்கும் பதின்மூன்றுக்கும் இடையே ஆடிக்கொண்டேயிருக்கும் என்பது பொருள். இவ்வெல்லையைத் தற்செயல் மட்டுமே தாண்டுவது மிக அரிது.

மும்மடங்கு என்பது தெய்வ வாக்கன்று. எல்லையை நெருக்கி வைத்தால் காரணமற்றவற்றுக்குக் காரணம் தேடி அலைவோம். அகற்றி வைத்தால் உண்மைக் காரணத்தைத் தவறவிடுவோம். இருவகை நட்டத்தையும் எடைபோட்டுப் பார்த்து, நடைமுறைக்கு ஏற்றது என்று ஷூவார்ட் கொண்ட அளவு அது.

இனி என் பெரியவரின் எண்களைப் பாருங்கள். வசவு வாங்கிய 11 எல்லைக்குள். பாராட்டுப் பெற்ற 2 எல்லைக்குள். இரண்டுக்கும் அவர் காரணர் அல்லர். இரண்டும் ஒரே குடத்து நீரின் அலைகள்.

அப்படியானால் வசவுக்குப் பின் எண் திருந்தியதும், பாராட்டுக்குப் பின் கெட்டதும் எதனால்? மிக உயர்ந்த எண்ணுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் சராசரியை நோக்கி இறங்கும்; மிகத் தாழ்ந்ததற்கு அடுத்து வருவது ஏறும். இதனைப் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கில அறிஞர் 1886இல் பெற்றோர் 205 இணையரின் 928 மக்களுடைய உயரத்தை ஆராய்ந்து காட்டினார். மிக நெட்டையான பெற்றோரின் மக்கள் சராசரியாகப் பார்த்தால் அவர்களைவிடச் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையான பெற்றோரின் மக்கள் சற்று நெட்டையாகவும் இருந்தனர். நான் வாய் திறவாதிருந்தாலும் 11 இறங்கியிருக்கும். தேநீர் வாங்காதிருந்தாலும் 2 ஏறியிருக்கும். கடிந்து பேசுவதே பயன் தரும் என்று நம்பும் மேலதிகாரிகள் பலர் இவ்வாறு எண்களால் ஏமாற்றப்பட்டவர்களே. பாடசாலையில் பிள்ளை ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்து வந்தவுடன் பிரம்பை எடுக்கும் தந்தையரும் இக்கூட்டத்தில் அடக்கம்.

விட்டுவிட்ட ஒரு நாள்

கதை இத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து மாலை வகுப்பு ஒன்றில் தரக் கட்டுப்பாடு பயிலச் சேர்ந்தேன். அவரவர் தொழிலிலிருந்து 25 நாள் எண்களைக் கொண்டுவந்து வரைபடம் போடும்படி ஆசிரியர் பணித்தார். பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் சென்றேன். பெரியவரின் லேத்துக்குப் பக்கத்து லேத்தின் 25 நாட்களையும் கூட்டிப் பார்த்தால் 2,500 புஷ்களில் 150 தவறு, அதே 6. வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் மேல் எல்லையைத் தாண்டி நின்றது. அன்றைய எண் 15.

அந்த லேத்தில் நின்றவர் எனக்கு வேண்டிய இளைஞர். அன்று நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை. 'நல்ல பையன், ஒரு நாள் தவறிவிட்டது' என்று விட்டுவிட்டேன். பின்னர்ப் பண்டக சாலைக் குறிப்பைத் தேடிப் பார்த்தபோது, அன்று காலையில்தான் வேறு சரக்குப் பித்தளைக் கம்பி அந்த லேத்துக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்தது. அன்றே கேட்டிருந்தால் அந்தக் கம்பியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

ஷூவார்ட் எச்சரித்த பிழைகள் இரண்டு. தற்செயலைத் தனிக்காரணம் என்று கொள்வது ஒன்று. தனிக்காரணத்தைத் தற்செயல் என்று விடுவது மற்றொன்று. ஒரே நோட்டுப் புத்தகத்தில் நான் இரண்டையும் செய்திருந்தேன். கணக்கு எனக்கு வழி காட்டவில்லை. விருப்பு வெறுப்பே வழி காட்டியது. அன்றிரவு பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஊர்ப் பெயர் மட்டுந்தான் தெரியும். கடிதம் திரும்பி வந்துவிட்டது.

ஆற்றின் கரையில் அதே பாடம்

இது ஆலைக்குள் மட்டும் நிகழும் பிழை என்று எண்ண வேண்டா. 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்று பொறியாளர் குழு கருதியது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக இருந்த பிரசாந்த சந்திர மகலநோபிசிடம் ஆராய்ச்சி ஒப்படைக்கப்பட்டது. அவர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் மழைக்கணக்கையும் வெள்ளக் கணக்கையும் எடுத்து ஆராய்ந்தார். படுகை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்றும், கரையை உயர்த்துவதால் பயனில்லை என்றும், மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே வழி என்றும் கூறினார். ஓர் ஆண்டின் எண்ணைக் கண்டு காரணம் கற்பிப்பதற்கும், அறுபது ஆண்டின் எண்களுக்கு நடுவே அதனை வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அதே மகலநோபிசு 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். அவருடைய அழைப்பின்பேரில் ஷூவார்ட் 1947–48இல் இந்தியாவுக்கு வந்து நம் தொழில்துறையினரிடையே இம்முறையைப் பரப்பினார். மகலநோபிசின் பிறந்த நாளாகிய ஜூன் 29, நாட்டின் புள்ளியியல் நாளாக 2007 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது.

நடைமுறைக்குச் சில குறிப்புகள்

கடை வைத்திருப்பவர்களுக்கும் விற்பனையாளர்களை நடத்துபவர்களுக்கும் மனத்திலேயே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வருகின்ற நிகழ்ச்சிகளை எண்ணும்போது, சராசரியின் வர்க்கமூலமே ஏறத்தாழ அதன் திட்ட விலக்கம். ஒரு விற்பனையாளர் மாதம் சராசரி 16 புதிய கிராக்கிகளைப் பிடிக்கிறார் என்போம். 16இன் வர்க்கமூலம் 4, மும்மடங்கு 12. ஆகவே 4 முதல் 28 வரை தற்செயலின் எல்லை. சென்ற மாதம் 18, இந்த மாதம் 12 என்று அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பது இருவருக்கும் நேரக்கேடு. விளக்கம் கேட்டால் அவர் ஒன்று சொல்லத்தான் செய்வார். அதை நம்பி நீங்கள் திட்டத்தை மாற்றினால் நட்டம் உங்களுக்கு.

ஆயின் பருவத்தை மறக்கலாகாது. தீபாவளி மாதத்து விற்பனையை அடுத்த மாதத்தோடு ஒப்பிடுவது தகாது. முந்தைய தீபாவளிகளோடு ஒப்பிட வேண்டும். மேலும், எல்லைக்குள் இருந்தாலும் எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கத்தில் விழுந்தால் விழித்துக்கொள்ள வேண்டும். நாணயம் எட்டு முறையும் தலையாகவே விழுவது 256க்கு ஒரு முறை நிகழக்கூடியது, அதுபோன்றதே இதுவும். ஏதோ மெல்ல மாறியிருக்கிறது என்பதற்கு அது அறிகுறி.

மாதிரி பெரிதாக ஆக, எல்லை நெருங்கும். 100க்குப் பதிலாக 400 புஷ்களை எடுத்திருந்தால் எல்லை, நூற்றுக்கு 2.4 முதல் 9.6 வரை சுருங்கியிருக்கும். நான்கு மடங்கு உழைத்தால் நிச்சயம் இரண்டு மடங்குதான் கூடும். இவ்விலையை அறிந்து மாதிரியின் அளவைத் தீர்மானிப்பதே மேலாளனின் திறமை.

இன்னொன்று மிக முக்கியமானது. எண்கள் எல்லைக்குள் இருக்கின்றன என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருளன்று. நூற்றுக்கு 6 தவறுவதே அதிகம் என்றால் அதைக் குறைக்க வேண்டியவர் யார்? லேத்தில் நிற்பவர் அல்லர். நல்ல கம்பி வாங்குவதும், லேத்தைப் பழுது பார்ப்பதும், பயிற்சி அளிப்பதும் நிருவாகத்தின் கையில் உள்ளவை. எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலார் இதனை விளக்க ஒரு விளையாட்டு நடத்துவார். வெள்ளை மணிகளோடு ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணிகளைக் கலந்து, ஐம்பது குழிகள் உள்ள ஒரு பலகையால் அள்ளச் சொல்வார். சிவப்பு மணி பழுது. குறைவாக அள்ளியவருக்குப் பாராட்டு, அதிகமாக அள்ளியவருக்கு எச்சரிக்கை. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சிறிது நேரத்தில் தங்கள் அலுவலகம் நினைவுக்கு வரும்.

விடுமுறை நாளில் வீட்டிலேயே இதனைச் செய்து பார்க்கலாம். ஒரே அளவான வெள்ளை மணி 80, சிவப்பு மணி 20 ஆகியவற்றை ஒரு பையில் இட்டுக் குலுக்கி, ஒவ்வொருவரும் கண்ணை மூடிப் பத்து மணிகளை எடுத்து, எண்ணிவிட்டுத் திரும்பப் போடட்டும். சராசரி 2 வர வேண்டும். பாட்டிக்கு ஒன்றும் வராமலிருக்கலாம். பேரனுக்கு நான்கு வரலாம். பேரனைக் கடிந்துகொள்வீர்களா?

திரும்பி வராத விமானங்கள்

வரைபடம் போடும் எண்கள் நம் கைக்கு வந்த எண்கள். வராத எண்களைப் பற்றியும் ஒரு சொல். இரண்டாம் உலகப் போரின்போது நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் குழுவில் ஆபிரகாம் வால்டு என்ற அறிஞர் பணியாற்றினார். போரிலிருந்து திரும்பிய விமானங்களில் குண்டு பட்ட இடங்களைக் கொண்டு, விமானங்களின் எப்பகுதி எளிதில் வீழ்த்தக் கூடியது என்று கணிக்கும் முறையை அவர் வகுத்தார். குண்டு பட்டும் திரும்பி வந்தவற்றையே நாம் பார்க்கிறோம். அவற்றில் எவ்விடத்தில் குண்டு அடையாளம் குறைவோ, அவ்விடத்தில் பட்டவை திரும்பி வரவில்லை என்பது கருத்து. கவசம் அங்கேதான் வேண்டும்.

அவ்வறிஞர் நம் அரசின் அழைப்பின்பேரில் சொற்பொழிவாற்ற இந்தியாவுக்கு வந்திருந்தபோது, 1950 டிசம்பரில், அவரும் அவருடைய துணைவியாரும் சென்ற விமானம் நீலகிரி மலையில் மோதி இருவரும் மாண்டனர். உலகம் போற்றிய ஒரு கணித அறிஞரின் வாழ்வு நம் தமிழ் மண்ணில் முடிந்தது என்பதை நம்மிற் பலர் அறியோம்.

வால்டின் பாடம் நமக்கு மிகவும் வேண்டியது. ஊரை விட்டு வந்து உயர்ந்தவர்களை விழாக்களில் காண்கிறோம். அவர்கள் சென்ற வழியே வெற்றிக்கு வழி என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதே வழியில் சென்று திரும்பிவிட்டவர்கள் நம் கூட்டங்களுக்கு வருவதில்லை. என்னுடைய பெரியவர் அவர்களுள் ஒருவர். சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் அவர் பெயர் இருந்திருந்தால், இன்று அதன்மேல் ஒரு கோடு கிழித்திருப்பார்கள். ஏன் போனார் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

இளைஞர்களே, தேர்வுக்காகச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் பதவியில் அமர்ந்தபின் ஓர் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவரைக் கூப்பிடுமுன், அது எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருந்தால் அவரைக் கூப்பிட வேண்டா. வெளியே இருந்தால் கூப்பிடுங்கள்; குற்றம் சாட்டுவதற்காக அன்று, என்ன மாறியது என்று கேட்பதற்காக.

சராசரி என்ற சொல்லே சில வேளைகளில் எவ்வாறு நம்மை ஏமாற்றும் என்பதை அடுத்த திங்கள் காண்போம்.